குழந்தை ஆடையும் விவரச் சீட்டும்: அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தேவை

உணவு, உடை, உறைவிடம் என மூன்று அடிப்படைத் தேவைகளை அடுக்கிக் கூறுவது வழக்கம். இவற்றுள் உணவில் கலப்படம் பற்றியும் வீட்டின் உறுதி பற்றியும் பேசப்படும் அளவிற்கு உடையின் தரம் பற்றிப் பேசப்படுவதில்லை. குழந்தைகளின் உடையைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் மிகுதி. விலை, நிறம், அளவு ஆகிய மூன்றையும் பார்த்து ஆடை வாங்கப்படுகிறது. கழுத்தின் பின்புறத்தில் தைக்கப்பட்டிருக்கும் சிறு விவரச் சீட்டை, அதாவது கடைவீதியில் ‘லேபிள்’ என்று வழங்கும் துண்டை, எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்த ஆடை எந்த இழையால் ஆனது, எப்படித் துவைக்க வேண்டும், யார் தயாரித்தார் என்பவற்றைக் கூறும் ஒரே சான்று அச்சீட்டுதான். குழந்தையின் மெல்லிய தோலில் நாள் முழுவதும் உராயும் பொருளும் அதுவே. எனவே அது செய்தி தருவதாக இருந்தால் மட்டும் போதாது. தீங்கு செய்யாததாகவும் இருத்தல் வேண்டும்.

நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் பொருந்தும் இவ்வுண்மை அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தனி முக்கியத்துவம் பெறுகிறது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று தட்பவெப்பம், மற்றொன்று தொலைவு.

தட்பவெப்பமும் தோலும்

இத்தீவுகள் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக் காற்றுகளாலும் மழை பெறுகின்றன. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 3,000 மில்லி மீட்டர். மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை நீடிக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் காற்றின் ஈரப்பதம் மிகுந்தே காணப்படுகிறது. வெப்பம் மிகக் கடுமையாக இல்லாவிட்டாலும், வியர்வை எளிதில் உலருவதில்லை. கொடியில் போட்ட துணியும் எளிதில் காய்வதில்லை.

கைக்குழந்தையின் தோல் பெரியவர்களின் தோலைவிட மென்மையானது. அதன் வியர்வைச் சுரப்பிகளின் நாளங்கள் முழு வளர்ச்சி அடையாதவை. அவை அடைபடும்போது வேர்க்குரு தோன்றுகிறது. கழுத்து, அக்குள், இடுப்பு, தொடை மடிப்பு ஆகியவையே இதற்கு முதலில் இலக்காகும் இடங்கள். ஆடையின் சீட்டு பெரும்பாலும் கழுத்திலோ இடுப்பிலோ தைக்கப்படுவதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். ஈரமான தோலில் சொரசொரப்பான துண்டு ஒன்று தொடர்ந்து உராய்ந்தால் தோல் சிவக்கும், குழந்தை சொறியும், சொறிந்த இடத்தில் நுண்கிருமிகளும் பூஞ்சைகளும் இடம் பிடிக்கும். சிறு அரிப்பாகத் தொடங்குவது புண்ணாகவும் படர்தாமரையாகவும் வளர்வதற்கு ஈரம் மிகுந்த சூழ்நிலை துணை செய்கிறது.

இழையின் இயல்பும் இதில் பங்கு பெறுகிறது. நிலையான ஆய்வுக்கூடச் சூழ்நிலையில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத அளவிற்கு ஈரத்தை ஏற்கிறது. பாலியஸ்டர் ஏற்பதோ ஏறத்தாழ 0.4 சதவீதமே. பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சிக் கொள்ளும். அதன்மேல் தைத்த பாலியஸ்டர் சீட்டு அவ்வாறு உறிஞ்சாது. ஆகவே ‘முழுப் பருத்தி’ என்று அறிவிக்கும் ஆடையிலும் குழந்தையின் தோலைத் தொடும் முதற்பொருள் செயற்கை இழையாக இருக்கக்கூடும். இது பலரும் கவனியாத முரண்பாடு.

கடல் கடந்து வரும் ஆடை

தீவுகளில் நூற்பாலைகளோ பெரிய ஆடைத் தொழிற்சாலைகளோ இல்லை. குழந்தை ஆடைகள் பெரும்பாலும் சென்னை, கொல்கத்தா ஆகிய துறைமுகங்களின் வழியே வந்து சேருகின்றன. பனியன் தொழிலுக்குப் பெயர் பெற்ற திருப்பூரில் தைக்கப்படும் உடை, சரக்குந்தில் சென்னைக்கு வந்து, கப்பலில் ஏறத்தாழ 1,200 கிலோ மீட்டர் கடந்து போர்ட் பிளேரை அடைகிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்ற புதிய பெயர் அறிவிக்கப்பட்ட இந்நகரின் அபர்தீன் கடைவீதியிலிருந்து மற்றத் தீவுகளுக்கு அது மீண்டும் கப்பலேற வேண்டும். பெரிய நிக்கோபாரிலுள்ள காம்ப்பெல் விரிகுடா இந்நகருக்குத் தெற்கே 500 கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

இத்தொலைவின் விளைவு யாது? பெருநிலப்பரப்பில் சட்டை பொருந்தாவிட்டால் மறுநாள் கடைக்குச் சென்று மாற்றிக் கொள்ளலாம். கார் நிக்கோபாரிலோ கச்சாலிலோ வாழும் தாய்க்கு அது எளிதன்று. சீட்டில் அளவு தவறாக இருந்தாலும், துவைக்கும் முறை குறிக்கப்படாமல் இருந்தாலும், இழப்பு அக்குடும்பத்தையே சேரும். வாங்கும் முன்பே சரியான செய்தி கிடைப்பது தீவுவாசிகளுக்கு வசதி மட்டுமன்று. அது ஒரு பாதுகாப்பும் ஆகும்.

மொழி பற்றியும் இங்குக் குறிப்பிட வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி முதலிய பல மொழிகளைப் பேசுவோர் இங்கு அடுத்தடுத்து வாழ்கின்றனர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி உடன்பாட்டின் வழியே தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடப்பட்ட சீட்டு இவர்களுள் பலருக்குப் பயன்படாது. எழுத்தறிவைச் சாராத குறியீடுகள் தேவைப்படுவது இதனாலேயே.

சீட்டு கூறும் செய்தி

துவைக்கும் முறையை உணர்த்தும் குறியீடுகள் உலகளவில் ஒரே வகையாக வகுக்கப்பட்டுள்ளன. 1963ஆம் ஆண்டு ஐரோப்பாவில் தோன்றிய ‘ஜினெடெக்ஸ்’ என்ற அமைப்பு இவற்றைப் பரப்பியது. பின்னர் அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு இவற்றைத் தன் 3758ஆம் எண் தரமாக ஏற்றுக் கொண்டது. அடிப்படைக் குறிகள் ஐந்து. நீர்த்தொட்டி சலவையைக் குறிக்கும். அதனுள் எழுதப்பட்ட எண், நீரின் உச்ச வெப்பநிலை. தொட்டியினுள் கை வரையப்பட்டிருந்தால் கையால் மட்டும் துவைக்க வேண்டும். முக்கோணம் வெளுப்புப் பொருளையும், சதுரம் உலர்த்தலையும், இஸ்திரிப் பெட்டியின் வடிவம் தேய்த்தலையும், வட்டம் தொழில்முறைச் சலவையையும் சுட்டும். குறியின்மேல் பெருக்கல் அடையாளம் இருந்தால் அச்செயல் கூடாது என்பது பொருள். இஸ்திரிப் பெட்டியினுள் உள்ள புள்ளிகள் கூடக்கூட, தாங்கும் வெப்பமும் கூடுதல். இவ்வைந்து குறிகளையும் பள்ளியில் ஒரே பாட வேளையில் கற்பித்துவிடலாம்.

சட்டம் கோருவது யாது என்பதையும் அறிந்திருத்தல் நலம். சட்டமுறை அளவையியல் பொட்டலப் பொருள்கள் விதிகளில் 2022ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், பொட்டலமாக அல்லாமல் திறந்த நிலையில் விற்கப்படும் ஆயத்த ஆடைகளுக்குச் சில அறிவிப்புகளிலிருந்து விலக்கு அளித்தது. எனினும் நான்கு செய்திகள் இருந்தே தீர வேண்டும்: தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், இறக்குமதியாயின் நாட்டின் பெயரும், நுகர்வோர் தொடர்புக்கான மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும், சென்டிமீட்டர் அல்லது மீட்டர் கணக்குடன் கூடிய அளவு, அதிகபட்சச் சில்லறை விலை. இந்நான்கும் விற்பனையைப் பற்றியவை. தோலைப் பற்றியவை அல்ல. இழைக் கலப்பும் சலவைக் குறியும் இந்நான்கில் அடங்கவில்லை என்பதை வாங்குவோர் மனத்திற் கொள்ள வேண்டும்.

முத்திரைகளின் பொருளையும் குழப்பிக் கொள்ளலாகாது. 2006இல் அறிமுகமான கைத்தறி முத்திரை, துணி கையால் நெய்யப்பட்டது என்பதற்குச் சான்று. அது சாயத்தைப் பற்றிய உறுதிமொழி அன்று. 1992இல் ஐரோப்பாவில் தொடங்கிய ‘ஓகோ-டெக்ஸ் 100’ சான்று, தீங்கு தரும் வேதிப்பொருள்களுக்கான சோதனையைக் குறிப்பது. அதன் முதல் வகுப்பு மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளின் பொருள்களுக்கு உரியது. வரம்புகளும் அதில்தான் மிகக் கடுமையானவை. குழந்தை ஆடையைச் சப்பும் என்பதால் உமிழ்நீரில் சாயம் கரையாமையும் அங்குச் சோதிக்கப்படுகிறது.

சீட்டே தொல்லையாகும்போது

விவரச் சீட்டுகள் பல வகைப்படும். நெய்த சீட்டுகளுள் டாஃபெட்டா என்னும் சாதா நெசவு சற்று முரடானது; டமாஸ்க் நெருக்கமான நெசவுடையது; சாட்டின் வகை வழவழப்பானது. பாலியஸ்டர் நாடாவைச் சூடான கத்தியால் வெட்டுவது வழக்கம். வெட்டும்போது இழை உருகி, ஆறியதும் ஓரம் மெல்லிய ரம்பம்போல் கெட்டிப்படுகிறது. குழந்தையின் கழுத்தை அறுப்பது பெரும்பாலும் சீட்டின் பரப்பன்று, இந்த ஓரமே. ஓரத்தை உள்மடித்துத் தைத்தால் இத்தொல்லை வெகுவாகக் குறையும். மீயொலி முறையில் வெட்டப்படும் நாடாவின் ஓரமும் ஓரளவு மென்மையாக இருக்கும்.

தையல் நூலும் கவனத்திற்குரியது. சிலர் மீன்பிடி நரம்பைப் போன்ற ஒற்றை இழை நைலான் நூலால் சீட்டைத் தைக்கின்றனர். அது துணியின் நிறத்தோடு ஒத்துப்போகும்; ஆனால் அதன் வெட்டுமுனை முள்போல் குத்தும். மென்மையான சீட்டைக்கூட இந்நூல் கெடுத்துவிடும். மேலும், பருத்தி துவைக்கத் துவைக்கச் சுருங்கும். பாலியஸ்டர் சீட்டு சுருங்காது. சில சலவைகளுக்குப் பின் சீட்டு புடைத்து, மூலைகள் தூக்கி நிற்பதன் காரணம் இதுதான். கடையில் தொட்டுப் பார்த்தபோது மென்மையாக இருந்தது பிறகு உறுத்துவதும் இதனாலேயே.

சீட்டே இல்லாமல், துணியின் உட்புறத்தில் செய்தியை நேரே அச்சிடும் முறை பரவியுள்ளது. தைத்த துண்டு இல்லாததால் இது கைக்குழந்தைகளுக்கு ஏற்றது. ஆனால் தடித்த நெகிழிப் பூச்சாக அமைந்தால் அவ்விடத்தில் காற்றும் வியர்வையும் ஊடுருவா. வெடித்து உரியும் அச்சு செதில் செதிலாகக் குழந்தையின் வாய்க்குள்ளும் செல்லக்கூடும். மெல்லிய, நெகிழும் அச்சே விரும்பத்தக்கது. தைத்த சீட்டுதான் வேண்டுமெனில் கழுத்தை விட்டு, பக்கத் தையலில் கீழ் விளிம்பை ஒட்டி வைக்கலாம். உள்ளாடைக்கு வெளிப்புறத்தில் வைப்பதும் தவறன்று. தொடு உணர்வு மிகுந்த குழந்தைகளுக்கு, குறிப்பாக ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு, கழுத்துச் சீட்டு தாங்கொணாத் துன்பம் என்பது ஆசிரியர்களும் அறிய வேண்டிய செய்தி. அக்குழந்தை சட்டையைக் கழற்ற முயல்வது அடம் அன்று.

சாயமும் வேதிப்பொருளும்

சில அசோ சாயங்கள் சிதைந்து, புற்றுநோய் விளைவிக்கக்கூடிய அமீன்களை வெளியிடுகின்றன. 1994இல் ஜெர்மனி இத்தகைய சாயங்களுக்குத் தடை விதித்தது. ஆடை ஏற்றுமதி செய்யும் இந்தியாவில் அதன் தாக்கம் உடனே உணரப்பட்டது. 1997இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பிட்ட அசோ சாயங்களைக் கையாளுவதைத் தடை செய்து அறிவிக்கை வெளியிட்டது. ஏற்றுமதி ஆடைக்குக் கிடைத்த இக்காப்பு உள்நாட்டுக் குழந்தைக்கும் கிடைக்க வழி ஏற்பட்டது.

பாதுகாப்பின் பெயரால் தீங்கு நேர்ந்த வரலாறும் உண்டு. 1970களின் முற்பகுதியில் அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடை எளிதில் தீப்பற்றக் கூடாது என்று விதிக்கப்பட்டது. அதற்காக ‘டிரிஸ்’ என்னும் வேதிப்பொருள் துணியில் ஏற்றப்பட்டது. அது மரபணுவில் மாற்றம் விளைவிக்கும் என்று கண்டறியப்பட்டதால், 1977இல் அத்தகைய உடைகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. ‘தீத் தடுப்பு’ என்ற சீட்டு உண்மையைத்தான் கூறியது. ஆனால் முழு உண்மையைக் கூறவில்லை. சீட்டு எதைக் கூறுகிறது என்பதோடு எதைக் கூறாமல் விடுகிறது என்பதையும் ஆராய வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

தீவுகளில் ஈரத்திற்கும் பூச்சிக்கும் அஞ்சி, துணிப் பெட்டியில் அந்துருண்டை போடுவது உண்டு. எந்தச் சீட்டும் எச்சரிக்காத ஆபத்து இது. நாப்தலீன் ஏறிய துணியை உடுத்தும்போது, ஜி-6-பி.டி. என்னும் நொதிக் குறைபாடுள்ள பச்சிளங் குழந்தைக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சட் காமாலை ஏற்படலாம். குழந்தைத் துணிகளுக்கு அந்துருண்டை வேண்டவே வேண்டாம்; நன்கு உலர்த்தி, மூடிய பெட்டியில் வைப்பதே தக்கது.

அலுவலகங்கள் செய்யத்தக்கவை

பெற்றோர் தாமே வாங்கும் ஆடையில் தேர்வு அவர்கள் கையில் உள்ளது. ஆனால் அரசு வழங்கும் சீருடையில் வாங்குபவர் வேறு, அணிபவர் வேறு. தமிழ்நாட்டில் 1985இல் தொடங்கிய விலையில்லாச் சீருடைத் திட்டமும், நாடெங்கும் நடைபெறும் சமக்ர சிக்ஷா திட்டமும் இதற்கு எடுத்துக்காட்டுகள். பின்னதில் தகுதியுள்ள குழந்தைக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டிற்கு இரண்டு சீருடைகள் வழங்க, சராசரியாக 600 ரூபாய் என்ற அளவு வகுக்கப்பட்டது. இந்த எல்லைக்குள் துணியின் தரமும் தையற்கூலியும் அடங்க வேண்டியிருப்பதால் சீட்டைப் பற்றி நினைக்க இடமில்லை என்று தோன்றலாம். ஆனால் சீட்டை இடம் மாற்றித் தைப்பதற்கோ ஓரத்தை மடிப்பதற்கோ ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பமே. அது பண ஒதுக்கீட்டைப் பொறுத்ததன்று. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் எழுதப்படும் ஒரு வரியைப் பொறுத்தது.

கீழ்க்கண்டவற்றை அவ்வாவணத்தில் சேர்க்கலாம்.

(1) ஆறு வயதிற்குட்பட்டோர் ஆடையில் கழுத்துச் சீட்டு கூடாது. மெல்லிய அச்சோ பக்கத் தையற் சீட்டோ வேண்டும்.

(2) சீட்டின் ஓரங்கள் உள்மடிக்கப்பட வேண்டும். ஒற்றை இழை நைலான் நூல் கூடாது.

(3) இழைக் கலப்பு சதவீதமும் சலவைக் குறிகளும் இடம்பெற வேண்டும்.

(4) வயதை மட்டும் குறிக்காமல் உயரம், மார்பளவு ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் குறிக்க வேண்டும்.

(5) மாதிரி ஆடையை ஐந்து முறை துவைத்து, சீட்டின் எழுத்து அழியாமையையும் ஓரத்தின் மென்மையையும் சோதித்த பின்னரே சரக்கை ஏற்க வேண்டும்.

(6) குண்டூசி, நெகிழி இணைப்பு ஊசி ஆகியவற்றை நீக்கிய பின்னரே ஆடை குழந்தையிடம் சேர வேண்டும்.

நான்காவது விதிக்குக் காரணம் உண்டு. தேசிய ஆடை வடிவமைப்புக் கழகம் மேற்கொண்ட ‘இந்தியாசைஸ்’ உடலளவு ஆய்வு 15 முதல் 65 வயது வரையுள்ளோரைப் பற்றியது. சிறு குழந்தைகள் அதில் அடங்கவில்லை. ‘4-5 வயது’ என்ற குறி நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடுவதில் வியப்பில்லை. இறுக்கமான ஆடையில் சீட்டு மேலும் அழுந்தும் என்பதால் அளவும் தோல் நலமும் தொடர்புடையனவே.

பேரிடர்க் காலத்திற்கும் இது பொருந்தும். 2004 டிசம்பர் 26 ஆழிப் பேரலைக்குப் பின்னர் நாகப்பட்டினம் பகுதியில் நிவாரணமாக வந்த பழைய துணிகள் எவருக்கும் பயன்படாமல் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. வயது, அளவு, இழை ஆகியவற்றைக் குறித்த சீட்டு ஒவ்வொரு மூட்டையிலும் இருக்குமானால், நிவாரண ஆடை உரிய குழந்தையைச் சென்றடையும். அதே வேளையில், ஜாரவா, சென்டினலீசு போன்ற தொல்குடியினருடன் வெளியார் தொடர்பு கொள்வதை 1956ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குமுறை கட்டுப்படுத்துகிறது. தொற்றுநோய்களுக்கு எளிதில் ஆட்படும் அவர்களுக்கு ஆடை கொடுப்பதை அறச்செயலாக எவரும் கருதலாகாது.

இல்லத்தில் கடைப்பிடிக்கத்தக்கவை

வாங்குமுன் சீட்டின் ஓரத்தை மணிக்கட்டின் உட்புறத்தில் சில நொடிகள் தேய்த்துப் பார்த்தால் அதன் தன்மை விளங்கிவிடும். புதிய ஆடையைத் துவைத்த பின்னரே அணிவிக்க வேண்டும். மிஞ்சிய சாயமும் கஞ்சிப் பசையும் அதனால் நீங்கும். உறுத்தும் சீட்டைக் கத்தரிக்கோலால் வெட்டினால் எஞ்சிய முனை முன்னிலும் மோசமாகக் குத்தும். தையலைப் பிரித்து முழுவதையும் எடுப்பதே முறை. எடுத்ததைத் தூக்கி எறியாமல் ஒரு குறிப்பேட்டில் ஒட்டி வைத்தால் துவைக்கும் முறையும் புகார் செய்வதற்கான முகவரியும் கைவசம் இருக்கும். பாதி பிரிந்து தொங்கும் சீட்டைக் குழந்தை கடித்து விழுங்க முயலும் என்பதால் அதை அப்படியே விடலாகாது. பள்ளிக்கென எழுதும் பெயர்ச் சீட்டை உட்புறமாகத் தைப்பது நல்லது. வெளியே தெரியும் பெயரைச் சொல்லி அறிமுகமற்றவர் குழந்தையை அழைக்க அது இடந்தரும்.

மழைக் காலத்தில் விரைவில் காய்கிறது என்று கலப்பு இழை ஆடையை நாடுவது இயல்பே. உடலோடு ஒட்டும் பனியனும் ஜட்டியும் பருத்தியாகவும், மேலாடை கலப்பு இழையாகவும் இருக்குமாறு பிரித்துக் கொண்டால் இரு வசதிகளும் கிட்டும். ஈரம் முழுதும் போகாத துணியைக் குழந்தைக்கு உடுத்துவதை எக்காரணத்தாலும் தவிர்க்க வேண்டும்.

சீட்டில் உள்ள செய்தி பொய்யென்று தெரிந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைதூரத் தீவில் உள்ளவர்க்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது.

தனக்கு உறுத்துவது எது என்று கைக்குழந்தை சொல்லாது, அழும். அழுகைக்குப் பசி, வயிற்று வலி, தூக்கம் என்று பல காரணங்கள் தேடப்படும். சட்டையைத் திருப்பிப் பார்ப்பது அவற்றோடு சேர்க்க வேண்டிய ஒன்று. அச்சிடுபவர், தைப்பவர், கொள்முதல் செய்யும் அலுவலர், பெற்றோர் ஆகிய நால்வரும் அவ்வளவு கவனம் செலுத்தினால், ஒரு விரலகலத் துண்டு குழந்தைக்குத் தொல்லையாக இராது. அதன் நலத்திற்குக் காவலாக அமையும்.